பெட்ரோல் நிரப்பிய சில நாளில் எரியும் விளக்கு: வேலூர்ப் பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 2014-இல் தயாரான 1.5 லிட்டர் பெட்ரோல் செடான்; கையால் கியர் போடும் வகை; டிஎன் 23 பதிவு; ஓடியது ஒரு லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உரிமையாளர் காட்பாடி காந்தி நகரில் குடியிருப்பவர். அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். புகார் ஒரு வரிதான்: எஞ்சினில் கோளாறு என்று எச்சரிக்கும் செக் எஞ்சின் விளக்கை யார் அணைத்தாலும் சில நாளில் மறுபடி எரிகிறது. ஒரு வருடத்துக்கு மேலாக இதே கதை.

வண்டியோடு ஒரு கோப்பும் வந்தது. கணக்குப் பிரிவில் இருந்தவர் என்பதால் ஒவ்வொரு பட்டறையின் ரசீதையும் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தார். முதல் இடத்தில் பேட்டரி முனையைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்; விளக்கு அணைந்தது, திரும்பி வந்தது. இரண்டாம் இடத்தில் ஸ்கேனர் போட்டிருக்கிறார்கள். பி0172 என்ற கோளாறுக் குறியீடு, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் அதிகம். முன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். மூன்றாம் இடத்தில் கிடைத்த குறியீடு பி0171, அதாவது பெட்ரோல் குறைவு. இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் முனை) சுத்தம், த்ராட்டில் பாடி (காற்று நுழையும் வாய்) சுத்தம், நான்கு ஸ்பார்க் பிளக். நான்காம் இடத்தில் வண்டியின் பெட்ரோல் பம்ப்பை மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். அங்கேதான் அவர் கோப்பை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

எனக்கு அந்தக் கோப்பில் முக்கியமாகப் பட்டது செலவுத் தொகை இல்லை. ஒரே எஞ்சினில், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு குறியீடுகள். ஒருவர் பெட்ரோல் அதிகம் என்பதைப் பார்த்தார், இன்னொருவர் குறைவு என்பதைப் பார்த்தார், இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், எப்போதும் ஒரே பக்கம் சாயும் கோளாறு இது இல்லை என்பது அன்றே தெரிந்திருக்கும். அடைத்த இன்ஜெக்டரோ வலுவிழந்த பம்ப்போ பெட்ரோலைக் குறைக்குமே தவிர ஒரு நாளும் கூட்டாது.

குறியீடு எதைச் சொல்கிறது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிஎஸ்-4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் இரண்டாம் கட்ட ஓபிடி (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து பதியும் ஏற்பாடு) கட்டாயம் ஆனது. அதனால் இந்த வண்டியின் ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனை கொண்ட சாக்கெட் உண்டு. சில நூறு ரூபாய் புளூடூத் கருவியைச் செருகினாலே குறியீடு கைபேசியில் தெரியும். குறியீட்டைப் படிப்பதில் இன்று ஒரு வித்தையும் இல்லை. ஆனால் பி0171 என்பது ஒரு உதிரிப் பாகத்தின் பெயர் அன்று. ஓர் அளவு எல்லை தாண்டியது என்ற தகவல் மட்டுமே.

அந்த அளவுக்கு ஃபியூயல் ட்ரிம் என்று பெயர். உள்ளே வரும் காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை இசியூ என்ற எஞ்சின் கணினி தெளிக்கிறது. எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று சென்சார் சொல்கிறது. மிஞ்சியிருந்தால் பெட்ரோலைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் குறைக்க வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தல்தான் ட்ரிம். நொடிக்கு நொடி ஆடுவது குறுகிய கால ட்ரிம். அதன் போக்கைப் பார்த்து இசியூ மெல்லப் பழகிக்கொள்வது நீண்ட கால ட்ரிம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் பொருள் உண்டு. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் கூட்டுத்தொகை பூச்சியத்தை ஒட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பத்து சதவீதத்துக்குள் ஆடும். +20, +25 என்று ஏறி அங்கேயே நின்றுவிட்டால் பி0171. எதிர்ப்பக்கம் அதே அளவு இறங்கினால் பி0172.

இதைப் புரிந்துகொண்டால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியதன் அபத்தம் தெரியும். கலவையில் பெட்ரோல் அதிகம் என்று அது சொன்னது. உண்மையாகவே அதிகமாக இருந்தது. உண்மையைச் சொன்ன சென்சார்தான் முதலில் கழற்றப்பட்டது. பழையதை அவர் தூக்கி எறியாமல் டிக்கியில் வைத்திருந்தார். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பேட்டரி முனையைக் கழற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலூரில் மட்டுமல்ல, எங்கும் நடப்பதுதான். முனையைக் கழற்றினால் பல வண்டிகளில் குறியீடு அழியும், விளக்கு அணையும், வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகப் போவார். கூடவே இசியூ பழகி வைத்திருந்த ட்ரிம்மும், கோளாறு நடந்த நொடியின் பதிவும் அழிந்துவிடும். வரப்போகும் மெக்கானிக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே தடயத்தைத் துடைத்துவிட்டு அதற்குக் கூலியும் வாங்குகிறோம்.

மைலேஜ் குறிப்பேடு

கோப்புக்குள் ஒரு சிறு குறிப்பேடும் இருந்தது. பெட்ரோல் போட்ட தேதி, மீட்டர் அளவு, லிட்டர், தொகை என்று நான்கு கட்டங்கள். ஓரத்தில் சில தேதிகளுக்கு எதிரே சிவப்புப் பேனாவில் 'வி' என்று எழுதியிருந்தார். விளக்கு எரிந்த நாட்கள். இதை முந்தைய பட்டறைகளில் காட்டினாரா என்று கேட்டேன். "யாரும் கேட்கவில்லை தம்பி" என்றார்.

குறிப்பேட்டைப் புரட்டினால் ஓர் ஒழுங்கு தெரிந்தது. அவருடைய மகள் ஆம்பூரில் இருக்கிறார். சனிக்கிழமை காலையில் புறவழிச் சாலை பங்க்கில் டேங்க்கை முழுதாக நிரப்பிக்கொண்டு, பள்ளிகொண்டா வழியாக ஆம்பூர் போய், ஞாயிறு மாலை திரும்புவார். வாரத்தின் நடுவில் கடைத்தெரு, மருத்துவமனை, கிரீன் சர்க்கிள் நெரிசல். 'வி' குறி ஏறக்குறைய எல்லாமே செவ்வாய், புதன் கிழமைகளில். ஆம்பூர் போகாத வாரங்களில் பெரும்பாலும் இல்லை. ஒரே ஒரு 'வி' மட்டும் பெட்ரோல் போட்ட அன்றே இருந்தது. பி0172 ரசீதின் தேதி அதற்கு மறுநாள்.

"ஐயா, டேங்க் நிரப்பியதும் வண்டி கிளம்பச் சிரமப்படுகிறதா?"

"பங்க்கில் மட்டும்தான் தம்பி. ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் பிடிக்கிறது. ஒரு நிமிடம் நடுங்கும், அப்புறம் சரியாகிவிடும். பெட்ரோலில் ஏதோ கலப்படம் என்று நினைத்துப் பங்க்கை மாற்றினேன். எல்லா இடத்திலும் அப்படித்தான்."

பெட்ரோல் தெளிப்பது, காற்று அளப்பது ஆகிய இரண்டுக்கும் வெளியே, டேங்க்கின் நிலையைப் பொறுத்து மாறும் மூன்றாவது வழி ஒன்று எஞ்சினுக்குள் திறந்திருக்கிறது என்று அப்போதே தோன்றியது. டேங்க்கையும் எஞ்சினையும் காற்று வழியில் இணைப்பது ஒரே ஒரு ஏற்பாடுதான்.

அது இப்படி: டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் எப்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மே மாதத்தில் நாற்பது டிகிரி தாண்டுவது வேலூருக்குப் புதிதில்லை. வெயிலில் நிறுத்திய வண்டியின் டேங்க்கைக் கேட்கவே வேண்டாம். அந்த ஆவியை வெளியே விடக் கூடாது என்பதற்காக, கரித்துகள் நிரப்பிய கேனிஸ்டர் என்ற டப்பாவுக்குள் செலுத்துகிறார்கள். கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் சூடாகி ஓடும்போது, பர்ஜ் வால்வு என்ற சிறிய மின்காந்த வால்வை இசியூ விட்டுவிட்டுத் திறக்கும். எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சலால், கேனிஸ்டரின் மறுமுனை வழியாக வெளிக்காற்று நுழைந்து, கரியில் உள்ள ஆவியை இழுத்துக்கொண்டு எஞ்சினுக்குள் போய் எரிந்துவிடும். மின்சாரம் இல்லாதபோது அந்த வால்வு இறுக மூடியிருக்க வேண்டும்.

மூடாமல் கசிந்தால் என்ன ஆகும்? டேங்க் நிரம்பி, கேனிஸ்டர் ஆவியால் ஊறியிருக்கும் நேரத்தில், அழையாத பெட்ரோல் ஆவி எஞ்சினுக்குள் வரும். கலவையில் பெட்ரோல் கூடும். சூடான எஞ்சின் பங்க்கில் கிளம்ப அடம்பிடிக்கும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் கரி காய்ந்துவிடும். அதன்பின் அதே வழியில் வருவது வெறும் காற்று. கலவையில் பெட்ரோல் குறையும். சனிக்கிழமை ஒரு நோய், செவ்வாய்க்கிழமை அதற்கு நேர் எதிரான நோய், இரண்டுக்கும் ஒரே ஓட்டை.

இது வரை ஊகம்தான். அளந்து பார்க்காமல் வால்வை மாற்றியிருந்தால், அந்தக் கோப்பில் ஐந்தாவது ரசீதாக என்னுடையதும் சேர்ந்திருக்கும், அவ்வளவே.

அளந்தவை

முதலில் குறியீட்டை அழிக்காமல், அதோடு பதிவாகியிருந்த ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படித்தேன். கோளாறு பதிவான நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதை இசியூ எழுதி வைக்கும் பக்கம் அது. நிமிடத்துக்கு 760 சுற்று. வேகம் பூச்சியம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் 93 டிகிரி. குறுகிய கால ட்ரிம் +6, நீண்ட கால ட்ரிம் +20. அதாவது நன்றாகச் சூடான எஞ்சின், நின்ற இடத்தில் ஐட்லிங்கில் ஓடும்போது, 26 சதவீதம் கூடுதல் பெட்ரோல் கேட்டிருக்கிறது. கிரீன் சர்க்கிள் சிக்னலாகத்தான் இருக்கும் என்று அவரே சொன்னார்.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. பெரும்பாலான வண்டிகளில் இப்படிப்பட்ட கோளாறு ஒரு முறை தென்பட்டால் விளக்கு எரியாது. இசியூ மனத்துக்குள் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தென்பட்டால்தான் விளக்கு. தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் கோளாறின்றிப் போனால் தானே அணைந்தும்விடும். திங்கள் குறித்துக்கொண்டு செவ்வாய் எரிவதும், அடுத்த வார இறுதிக்குள் சில சமயம் தானாக அணைவதும் இதனால்தான். உரிமையாளர் இதை 'வண்டியின் மனநிலை' என்று நினைத்திருந்தார். (விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் கதை வேறு. எஞ்சின் மிஸ் ஆகி, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கருக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டியதுதான்.)

பட்டறையில் எஞ்சினைச் சூடாக்கி, ஏசியை அணைத்துவிட்டு, நேரலை அளவுகளைப் பார்த்தேன். ஐட்லிங்கில் மொத்த ட்ரிம் +25. நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றிப் பிடித்தால் +10. மறுபடி ஐட்லிங்கில் +25. இந்த வேறுபாட்டில்தான் நோயின் பெயர் இருக்கிறது. பம்ப் வலுவிழந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ, பெட்ரோல் அதிகம் தேவைப்படும் உயர் சுற்றில்தான் ட்ரிம் ஏறும். இன்ஜெக்டர்கள் ஒரே அளவில் அடைத்திருந்தால் எல்லா நிலையிலும் ஏறத்தாழ சமமாக ஏறும். ஐட்லிங்கில் மிக அதிகம், சுற்று ஏறினால் குறைவு என்றால், அளக்கப்படாத காற்று உள்ளே வருகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போது எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம். அதில் ஒரு சிறு கசிவு பெரிய பங்கு. சுற்று ஏறினால் அதே கசிவு பெருங்காற்றில் கரைந்துபோகும். பெட்ரோல் பம்ப் மதிப்பீடு இந்த இடத்திலேயே கிழிந்தது.

காற்றளவு சென்சாரும் அதையே சொன்னது. ஐட்லிங்கில் நொடிக்கு 1.6 கிராம் காற்று என்று காட்டியது. இந்த அளவுள்ள எஞ்சினுக்கு அது 2 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். திருவிழாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர் முன்வாசலில் எண்ணிய தலைகள் குறைவு, உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம் என்றால், பின்வேலியில் எங்கோ திறப்பு இருக்கிறது. 1.6-ஐ 25 சதவீதம் கூட்டினால் 2. கணக்கு உதைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: இந்த வாதம் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளுக்கே முழுதாகப் பொருந்தும். நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் அந்தச் சென்சார் கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடுகின்றன. அங்கே கசிவுக் காற்றும் அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் ட்ரிம் இந்த அளவுக்கு ஏறாது. ஐட்லிங் உயர்வதுதான் அடையாளம். வண்டி எந்த வகை என்று தெரியாமல் யூட்யூபில் பார்த்ததை அப்படியே போட்டுப் பார்ப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

மூன்றாம் பட்டறையிலும் காற்றுக் கசிவைச் சந்தேகித்திருக்கிறார்கள். ஓடும் எஞ்சினின் மேனிஃபோல்டு இணைப்புகள், ஹோஸ்கள் மீது கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்த்ததாக உரிமையாளர் சொன்னார். கசிவு இருந்தால் ஸ்பிரே உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் ஒலி மாறும், மாறவில்லை, எனவே கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். முறை பழக்கத்தில் இருப்பதுதான் (சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அடித்தால் தீப்பிடிக்கும், நான் பரிந்துரைக்க மாட்டேன்). ஆனால் இந்தக் கசிவின் வாய் பானெட்டுக்குக் கீழே இல்லை. காற்று நுழையும் இடம் வண்டியின் பின்புறம், டேங்க்குக்குப் பக்கத்தில் உள்ள கேனிஸ்டரின் திறப்பு. முன்னால் எத்தனை டப்பா ஸ்பிரே தீர்ந்தாலும் அது பேசாது.

கடைசிச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பர்ஜ் வால்வின் மின் இணைப்பைக் கழற்றினேன். இப்போது இசியூ நினைத்தாலும் அதைத் திறக்க முடியாது. ஐட்லிங் மாறவில்லை, ட்ரிம் மாறவில்லை. வால்வில் இருந்து கேனிஸ்டருக்குப் போகும் ஹோஸைப் பிடுங்கி வால்வின் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சல் தெளிவாகத் தெரிந்தது. ஹோஸை மாட்டிவிட்டு, துணி சுற்றிய இடுக்கியால் அதை நசுக்கிப் பிடித்தேன். குறுகிய கால ட்ரிம் +6-இல் இருந்து சில நொடியில் -13-க்கு இறங்கியது. நீண்ட கால ட்ரிம் பழைய +19-லேயே நின்றது. அது உடனே மாறாது. மொத்தம் +6.

பாதி வழக்கு முடிந்தது. மறுபாதி, பெட்ரோல் அதிகம் என்ற பக்கம். குறியீட்டைக் குறித்துக்கொண்டு அழித்தேன். வழக்கமாக நிரப்புவது போலவே டேங்க்கை நிரப்பிக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வரும்படி சொல்லி அனுப்பினேன். வந்தார். "பங்க்கில் வழக்கம்போல அடம்" என்றார். ஐட்லிங்கில் குறுகிய கால ட்ரிம் -17, நீண்ட கால ட்ரிம் +3. மொத்தம் -14. அதே ஹோஸை அதே இடுக்கியால் நசுக்கினேன். மொத்தம் +6.

மேலே இருந்து வந்தாலும் கீழே இருந்து வந்தாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. இதைவிடச் சுத்தமான நிரூபணம் பட்டறையில் அடிக்கடி கிடைப்பதில்லை. நசுக்கிய இடுக்கியை உரிமையாளர் கையிலேயே கொடுத்து, கைபேசித் திரையைப் பார்க்கச் சொன்னேன். கணக்குக்காரர், இரண்டு பக்கமும் சமன்பட்டதைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை.

வால்வு ஏன் மூடவில்லை

வால்வைக் கழற்றி வெள்ளைத் தாளின் மீது தட்டினால் கரித்துகள் கொட்டியது. சுருளின் மின்தடை 26 ஓம், பழுதில்லை. 12 வோல்ட் கொடுத்தால் டக் என்று அடிக்கவும் செய்தது. மின்சாரம் சரி, வாயில் மண் சிக்கிய தண்ணீர்க் குழாய் போல, வால்வு மட்டும் முழுதாக மூடவில்லை. ஒரு வருடமாக வால்வின் பெயரில் எந்தக் குறியீடும் வராததற்குக் காரணம் இதுதான். ஐரோப்பிய வழியைப் பின்பற்றும் நம் ஓபிடி விதியில், பர்ஜ் வால்வின் மின்சுற்று அறுந்திருக்கிறதா என்று கண்காணிப்பதே குறைந்தபட்சத் தேவை. ஆவிப் பாதை முழுவதையும் கசிவுக்காகச் சோதிக்கும் ஏற்பாடு அமெரிக்க வண்டிகளில் கட்டாயம். அங்கே ஓடியிருந்தால் இந்த வண்டி ஆவிப் பாதையின் பெயரைச் சொல்லியே குறியீடு காட்டியிருக்கலாம். இங்கே அது கலவையின் பெயரைச் சொல்லித்தான் முனகியது.

கரி வால்வுக்கு வந்தது எப்படி? கேனிஸ்டர் ஆவிக்காகச் செய்யப்பட்டது. திரவப் பெட்ரோலுக்கு அன்று. திரவம் உள்ளே போனால் கரி ஊறி உடைந்து, துகள் குழாயில் இறங்கும். திரவம் உள்ளே போவதற்கு இருக்கும் எளிய வழி, டேங்க்கைக் கழுத்து வரை நிரப்புவது.

பங்க்கில் நாசில் தானாக டக் என்று நிற்கும். டேங்க் நிரம்பியது என்று பொருள். அங்கே நிறுத்தினால் ரசீது 2,840 சொச்சம் என்று வரும். சில்லறைக்கு யார் அலைவது? "ரவுண்டாகப் போட்டுவிடட்டுமா?" என்று பணியாளர் கேட்பார், நாமும் தலையசைப்போம். இவருடைய விஷயத்தில் சில்லறை காரணமில்லை. மைலேஜ் கணக்கு துல்லியமாக வர வேண்டும் என்பதற்காக, மூடி வரை பெட்ரோல் தெரியும் அளவுக்கு, வண்டியைக் குலுக்கியும் நிரப்பச் சொல்வாராம். பத்து வருடத்துக்கு மேலாக. ஒவ்வொரு முறையும் முதல் டக்கிலேயே நிறுத்தினாலும் மைலேஜ் கணக்கு சரியாகவே வரும், ஒரு முறை கூடக் குறைய இருந்தாலும் அடுத்த நிரப்பலில் நேராகிவிடும் என்று சொன்னேன். அதுவரை புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தவர், அதற்குத்தான் கொஞ்சம் வாதாடினார்.

"வால்வை மட்டும் மாற்றினால் போதாதா தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், கேனிஸ்டரின் விலை வால்வின் விலையைப் போலச் சில மடங்கு. கேனிஸ்டரைக் கழற்றி, பர்ஜ் பக்க வாயைக் கீழே சாய்த்துக் காட்டினேன். கரி உதிர்ந்தது. எடையும் புதியதைவிட அதிகம். உள்ளே பெட்ரோல் ஊறியிருந்தது. வால்வை மட்டும் மாற்றினால் புது வால்வின் வாயிலும் அதே துகள் போய் உட்காரும். வால்வு, கேனிஸ்டர் இரண்டையும் மாற்றினோம். நடுவில் உள்ள நீண்ட குழாயை இரு முனையும் கழற்றிய பிறகே காற்றடித்துச் சுத்தம் செய்தோம். மாட்டிய நிலையில் அடித்தால் குப்பை டேங்க்குக்கோ புதுப் பாகத்துக்கோ போய்விடும். ஆவி உள்ள இடத்தில் வேலை என்பதால் எஞ்சின் ஆறிய பின், திறந்த வெளியில், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்தது. முனையைக் கழற்ற வேண்டிய சரியான நேரம் அதுதான்.

மீதமிருந்த ஆறு சதவீதம்

ஹோஸை நசுக்கியபோதும் ட்ரிம் பூச்சியத்துக்கு வரவில்லை, +6-இல் நின்றது. பழுது பார்த்த பிறகும் ஐட்லிங்கில் +6, 2,500 சுற்றில் +5, பள்ளிகொண்டா வரை ஓட்டிப் பார்த்ததில் சாலை வேகத்திலும் அதே அளவு. எல்லா நிலையிலும் சமமாக நிற்கிறது என்றால் அது கசிவு இல்லை. பெரும்பகுதி எரிபொருளே.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. முதலில் 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை 2025-க்கு முன்னால் கொண்டுவந்தார்கள், அதை எட்டியும்விட்டார்கள். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதக் கலப்புக்குச் சுமார் 13.5 கிலோ போதும். அதே காற்றுக்கு முன்பைவிட அதிகப் பெட்ரோலை இசியூ தெளித்தாக வேண்டும். 2014-இல் வடிவமைத்த கணக்கை வைத்திருக்கும் இந்த இசியூ, அந்த வித்தியாசத்தை ட்ரிம்மாகத்தான் காட்டும். எனவே +6 என்பது நோயன்று.

ஆனால் நோய் வெளியே தெரிந்ததில் அதற்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கசிவின் பங்கு ஐட்லிங்கில் ஏறத்தாழ 19 சதவீதம். பழைய பெட்ரோலில் அது மட்டும் இருந்திருந்தால் எல்லையைத் தொட்டும் தொடாமலும் நின்றிருக்கும். எரிபொருளின் பங்கு அடியில் சேர்ந்ததால் எல்லையைத் தாண்டியது. பெட்ரோலைக் குற்றம் சொல்லிப் பங்க்கை மாற்றிய உரிமையாளரும், எத்தனாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லும் மெக்கானிக்கும் ஆளுக்குக் கொஞ்சம் சரி. நல்ல நிலையில் உள்ள வண்டியில் வெறும் எத்தனால் கலப்பு மட்டும் இந்த விளக்கை ஏற்றுவதை நான் பார்த்ததில்லை; ஏற்கெனவே சிறு கசிவு உள்ள பழைய வண்டிகளில் அது இழுத்து வெளியே போடுகிறது.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் பார்த்தாக வேண்டியிருந்தது. வாரம் ஒரு முறை பெட்ரோல் மிகுந்த புகையைக் குடித்த கன்வெர்ட்டர் கெட்டிருக்கலாம், அது விலை உயர்ந்த பாகம். பின் ஆக்சிஜன் சென்சாரின் அளவு 0.65 வோல்ட் அருகே அலையாமல் நின்றது; முன் சென்சாரோடு சேர்ந்து துள்ளவில்லை. கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்கிறது. டிக்கியில் இருந்த பழைய முன் சென்சாரை, உரிமையாளர் ஆர்வமாகக் கேட்டதால், ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். புதியது காட்டிய ட்ரிம்மையே அதுவும் காட்டியது. புதியதையே திரும்ப மாட்டிவிட்டு, பழையதைத் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்தேன். உதிரியாக இருக்கட்டும்.

காற்றளவு சென்சார் இப்போது ஐட்லிங்கில் 1.9 கிராம் காட்டுகிறது. அதன்பின் பலமுறை டேங்க் நிரப்பி ஆம்பூர் போய் வந்திருக்கிறார். பங்க்கில் முதல் சாவியிலேயே வண்டி கிளம்புகிறது. செவ்வாய், புதன் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அடுத்த சர்வீஸில் ஐட்லிங், 2,500 சுற்று இரண்டிலும் ட்ரிம்மை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து ஏறினால் முதலில் காற்றளவு சென்சாரில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஐட்லிங் மட்டும் தனியே ஏறினால் வண்டியைக் கொண்டுவர வேண்டும். அதற்காகக் குறிப்பேட்டில் இன்னும் இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறார்.